அப்பாவின் கையை எப்போது விடலாம்?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு மகள் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் தவிர்த்து அதன் சுருக்கம் இது:

அப்பாவுக்கு வயது 56. இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. ஐந்து மாதங்களுக்கு முன் விடியற்காலையில் எழுந்தவர், சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஓயாத வாந்தி, தலைசுற்றல். வாய் கோணவில்லை, கை கால் வராமல் போகவில்லை என்பதால் பித்தம் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மறுநாள் கோவையில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், சிறுமூளையின் இடது கீழ்ப்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, அந்தப் பகுதி ரத்தமின்றிச் செயலிழந்தது தெரிந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் வீடு திரும்பிவிட்டார். ஆனால் நடை தள்ளாடுகிறது; இடது கையால் டம்ளரை எடுத்தால் சிந்துகிறது; பேச்சு இழுக்கிறது. வழியில் பார்ப்பவர்கள் காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று பேசுகிறார்கள். தேயிலை ஃபேக்டரியில் இலைக் கணக்குப் பார்ப்பதில் தடுமாறுகிறார், வீட்டில் எரிந்து விழுகிறார். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் அம்மா அவர் கையை விடுவதே இல்லை. தலைசுற்றலுக்குக் கொடுத்த சின்னரிசின் மாத்திரை இன்றும் தினம் இரண்டு வேளை போகிறது.

கேள்விகள் நான்கு. சிறுமூளையில் நரம்பிணைப்புகள் மாறிக்கொண்டே இருக்கும் என்று ஒரு நரம்பியல் விஞ்ஞானியின் ஆராய்ச்சி பற்றிப் படித்தேன். அப்படியானால் செத்த பகுதி மீண்டும் வளருமா? அதே கட்டுரையில், கற்கும்போது இணைப்புகள் பலவீனமாகும் என்றும் இருந்தது. பயிற்சி செய்யச் செய்ய அப்பாவின் மூளை இன்னும் பலவீனமாகிவிடாதா? ஸ்டெம்செல் ஊசி போட்டால் சரியாகும் என்று ஓர் இடத்தில் பல லட்சம் கேட்கிறார்கள், தோட்டத்தை அடகு வைக்கலாமா? அவர் மறுபடி தோட்டத்துக்குப் போக முடியுமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்று கடிதத்தில் இருக்கிறது: அம்மா விடாமல் பிடித்திருக்கும் கையும், ஐந்து மாதமாகப் போகும் அந்த மாத்திரையும். ஊசியை விட இந்த இரண்டும்தான் அப்பாவின் அடுத்த ஆறு மாதத்தைத் தீர்மானிக்கப் போகின்றன. ஏன் என்று விளங்க, சிறுமூளை எப்படிக் கற்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

'சிறுமூளைதானே' என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எடையில் அது மூளையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் பிரேசில் விஞ்ஞானிகள் 2009-ல் வெளியிட்ட கணக்கின்படி, மனித மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன. கையை நீட்டு என்ற உத்தரவு பெருமூளையிலிருந்து வருகிறது. எப்போது தொடங்குவது, எவ்வளவு விசை, எங்கே நிறுத்துவது என்பதைச் சரிக்கட்டுவது சிறுமூளை. அதனால்தான் அப்பாவின் கையில் பலம் இருந்தும் டம்ளர் சிந்துகிறது. முதல் உலகப் போரில் தலையின் பின்பக்கம் குண்டு பாய்ந்த வீரர்களைப் பார்த்து கோர்டன் ஹோம்ஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் 1917-ல் விவரித்தது இதையேதான்: அசைவு பிந்தித் தொடங்கும், இலக்கைத் தாண்டிப் போகும், அடிபட்ட அதே பக்கத்துக் கை காலில்தான் தெரியும். உங்கள் அப்பாவுக்கு இடது சிறுமூளை, இடது கை. பெருமூளைப் பக்கவாதம் போல எதிர்ப்பக்கம் அல்ல.

குடிகாரர் என்ற பேச்சுக்கும் காரணம் இதுவே. சாராயம் முதலில் கலைப்பவற்றுள் சிறுமூளையும் ஒன்று. அதனால் குடித்தவர் நடையும் இவர் நடையும் ஒன்று போலத் தெரியும். ஊரில் நாலு பேரிடம், குறிப்பாகக் கடைக்காரரிடமும் மினி பஸ் நடத்துநரிடமும், இது ஸ்ட்ரோக்கின் விளைவு என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். அவமானத்தால் வீட்டுக்குள் முடங்கினால் நடைப்பயிற்சி நின்றுவிடும்.

ஆராய்ச்சி சொல்வதும் சொல்லாததும்

சிறுமூளையின் மேலுறையில் பர்கின்ஜி செல் என்று ஒரு வகைப் பெரிய நரம்பு செல் இருக்கிறது. அந்தப் பகுதியிலிருந்து வெளியே போகும் செய்தி எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு பர்கின்ஜி செல்லுக்கும் இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. ஒன்று, இணை இழைகள்: லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இணைப்புகள், கால் எங்கே இருக்கிறது, தலை எப்படித் திரும்பியிருக்கிறது, என்ன செய்ய நினைத்தோம் என்பதையெல்லாம் சுமந்து வருபவை. மற்றது ஏறும் இழை. ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்று. மூளைத்தண்டில் இருந்து கிளம்பி அந்தச் செல்லைச் சுற்றி ஏறும். சும்மா இருக்கும்போது வினாடிக்கு ஒரு முறை போலத்தான் துடிக்கும். ஆனால் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று ஆகும்போது சரியாக அந்த நேரத்தில் துடித்து, 'இங்கே பிசகிவிட்டது' என்று தெரிவிக்கிறது.

இந்த இரண்டும் சேர்வதில்தான் கற்றல் இருக்கிறது என்று 1969-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி டேவிட் மார் கருத்தாகச் சொன்னார். 1971-ல் அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ஆல்பஸ், சேரும்போது அந்த இணை இழை இணைப்பு பலவீனமாக வேண்டும் என்றார். 1982-ல் டோக்கியோவில் மூளை விஞ்ஞானி மசாவோ இட்டோவும் உடனிருந்தவர்களும் முயல்களில் அதை அளந்தே காட்டினார்கள். இரண்டு இழைகளையும் ஒருசேரத் தூண்டினால், அந்த இணை இழையின் செய்தி அதற்குப் பிறகு நெடுநேரம் மங்கிப்போகிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, செய்தியை வாங்கும் ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன.

நீங்கள் பயந்த 'பலவீனம்' இதுதான். இதில் பயப்பட எதுவுமில்லை. பர்கின்ஜி செல்லின் வேலையே தடுப்பது. சிறுமூளையின் ஆழத்தில் இருக்கும் கருக்கள் என்ற நரம்பு செல் கொத்துகளை அடக்கி வைப்பது. தவறான கணத்தில் அதைத் தூண்டிவிட்ட இணைப்பு ஒன்று மங்கினால், அந்தக் கணத்தில் தடுப்பு தளர்கிறது, அசைவு திருத்தமாகிறது. அதாவது பிசகுக்குக் காரணமான இணைப்பு மட்டும் குறைகிறது, மூளை குறைவதில்லை. ஏறும் இழை மௌனமாக இருக்கும்போது இணைப்புகள் வலுப்படுவதும் நடக்கிறது. இரண்டும் சேர்ந்ததே கற்றல். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மங்கல் நடக்க முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளும் அசைவுகளைக் கற்றுக்கொண்டன. ஆக, சிறுமூளையில் கற்றல் ஓரிடத்தில் மட்டும் நடப்பதில்லை. இந்த ஒரு இணைப்பைச் சரிசெய்யும் மாத்திரை, டானிக் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

இனி முதல் கேள்வி. செத்த பர்கின்ஜி செல்கள் திரும்ப வளராது. ஆராய்ச்சி சொல்வது உயிரோடு இருக்கும் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் மாறும் என்பதைத்தான். அப்பாவுக்குச் சிறுமூளையின் பெரும்பகுதி உயிரோடுதான் இருக்கிறது. அடைபட்டது ஒரு பக்கத்தின் கீழ்ப்பகுதி. அங்கிருந்து முன்னேற்றம் மூன்று வழிகளில் வரும். அக்கம்பக்கத்து நல்ல பகுதி பயிற்சியால் வேலையை ஏற்பது. பெருமூளை யோசித்துச் செய்யும் உத்திகளால் ஈடுகட்டுவது. மூன்றாவது, வெற்றி தோல்வியிலிருந்து கற்பது. பால்டிமோரில் செய்யப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வில், சிறுமூளை பாதித்தவர்களுக்குக் கை எவ்வளவு விலகியது என்று முழுதாகக் காட்டியதை விட, 'சரி' அல்லது 'தப்பு' என்று மட்டும் சொன்னபோது கற்றது நன்றாகத் தங்கியது. 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு, இவர்களுக்குத் திடீரென்று பெரிய மாற்றம் வைத்தால் கற்க முடிவதில்லை, சிறிது சிறிதாகக் கூட்டினால் முடிகிறது என்று காட்டியது. நாளடைவில் முற்றிக்கொண்டே போகும் சிறுமூளை நோய்களில்கூட, வாரம் மூன்று முறை ஒரு மணி நேரமாக நான்கு வாரம் பயிற்சி செய்தவர்கள் நடையில் முன்னேறியதாக ஜெர்மனியில் 2009-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்பாவுடையது வளரும் நோயல்ல. அவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

எவ்வளவு முன்னேறுவார் என்பதற்கு ஒரு துப்பு ஸ்கேன் அறிக்கையில் இருக்கும். டென்டேட் நியூக்ளியஸ் முதலிய ஆழ்கருக்கள் பாதிக்கப்படவில்லை என்றால் மீட்சி பொதுவாக நன்றாக இருக்கும். பாதித்திருந்தால் மெதுவாகவும் குறைவாகவும் இருக்கும். அந்த வரியை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

கை, பெல்ட், மாத்திரை

சிறுமூளைக்குப் பாடம் சொல்வது பிசகுதான் என்றால், பிசகே நேராமல் பார்த்துக்கொள்ளும் வீட்டில் அதற்குப் பாடம் இல்லை. அம்மா முழங்கையை இறுகப் பிடித்து நடத்தும்போது அப்பா தன் எடையை அந்தக் கையில் சாய்த்துவிடுகிறார். உடல் சாயும் அந்தக் கணத்தைத் திருத்துவது அம்மாவின் தோள், அப்பாவின் சிறுமூளை அல்ல. எத்தனை மாதம் இப்படி நடந்தாலும் கை விட்ட அன்று அதே தள்ளாட்டம் இருக்கும். அதற்காகக் கையை விட்டுவிடச் சொல்லவில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எல்லாம் பாழ். வேண்டியது, தள்ளாட்டம் நேரவும் விடவேண்டும், விழவும் விடக்கூடாது.

வேட்டிக்குக் கட்டும் அகல பெல்ட் ஒன்றை இடுப்பில் இறுக்கிப் போடுங்கள். பக்கிள் வைத்தது வேண்டும். ஒட்டும் பட்டை வைத்தது இழுத்தால் பிரிந்துவிடும். பிடிப்பவர் அப்பாவுக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். ஒரு கையை உள்ளங்கை மேலே இருக்கும்படி பெல்ட்டின் பின்புறத்துக்குள் கொடுத்து வைத்திருக்க வேண்டும், இழுக்கக் கூடாது. மறு கை அவர் மார்புக்கு முன்னே, தொடாமல் தயாராக. அவர் ஆடினால் ஆடட்டும். ஒரு அடி எடுத்து வைத்துத் தானே சமாளிக்கிறாரா பாருங்கள். அடி வைத்தும் சாய்வு நிற்கவில்லை என்றால் மட்டும் பெல்ட்டை இறுக்கிப் பிடியுங்கள். அம்மாவைவிட அவர் கனமாக இருந்தால் இந்த வேலையை வேறு ஒருவர் செய்யட்டும். இருவரும் சேர்ந்து விழுவது அடிக்கடி நடக்கிறது.

சின்னரிசின் முதல் சில நாட்களுக்கு நல்ல மருந்து. வாந்தி நிற்கும், படுக்க முடியும். ஆனால் அது தலை அசைவைப் பற்றி மூளைக்குப் போகும் செய்தியையே மட்டுப்படுத்துகிறது. செய்தி மங்கினால் பிசகு மங்கும், பிசகு மங்கினால் திருத்தமும் நடக்காது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் தூக்கக் கலக்கம், எடை கூடுவது, சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, கை நடுக்கமும் உடல் விறைப்பும்கூட வரும். புரோகுளோர்பெரசின் என்ற மாத்திரைக்கும் இது பொருந்தும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய், 'இதை எப்படிக் குறைத்து நிறுத்துவது' என்று கேளுங்கள். குறைக்கும் நாட்களில் தலைசுற்றல் கொஞ்சம் கூடும். அது நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை ஆகியவை தலைசுற்றல் மாத்திரை அல்ல. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

வீட்டுப் பயிற்சி

முதலில் உட்கார்ந்தபடி கண். ஒரு தாளில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் 'அ' எழுதி, கண் மட்டத்தில், ஒரு மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். அதைப் பார்த்தபடியே தலையை மட்டும் இடம் வலமாகச் சின்ன அளவில் ஆட்ட வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிகிற வேகத்தில் தொடங்கி, கலங்கப் போகிறது என்ற எல்லை வரை வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒரு நிமிடம். பிறகு மேலும் கீழுமாக ஒரு நிமிடம். நாளைக்கு மூன்று வேளை. தலை திரும்பும் அளவுக்குக் கண் எதிர்ப்பக்கம் திரும்பாவிட்டால் விழித்திரையில் காட்சி வழுக்கும். அந்த வழுக்கலைத்தான் ஏறும் இழை சிறுமூளைக்குச் சொல்கிறது. இட்டோ பல ஆண்டுகள் ஆராய்ந்த அமைப்பும் இதுவே. லேசான கிறுகிறுப்பு வரத்தான் வேண்டும். நிறுத்திய இருபது நிமிடத்தில் அடங்கிவிட்டால் அளவு சரி. ஒரு மணி நேரம் நீடித்தால் அடுத்த வேளை வேகத்தைக் குறையுங்கள். கழுத்து ரத்தக்குழாயில் கிழிசல் என்று அறிக்கையில் இருந்தால் டாக்டர் சொல்லும் வரை இதைத் தொடவே வேண்டாம்.

அடுத்து நிற்பது. சுவர் மூலையில் முதுகைக் காட்டி, சுவரைத் தொடாமல், முன்னே ஒரு நாற்காலி போட்டு நிற்கச் சொல்லுங்கள். கால்களை அகட்டி 30 வினாடி. பிறகு சேர்த்து. பிறகு ஒரு பாதம் அரையளவு முன்னே. கடைசியில் குதிகாலும் கட்டைவிரலும் ஒரே கோட்டில். பத்து முறை நின்றால் இரண்டு மூன்று முறை சுவரைத் தொட நேர்வதுதான் சரியான கடினம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். ஒரு முறையும் தொடவில்லை என்றால் எளிது, அடுத்த நிலைக்குப் போகலாம். பாதிக்கு மேல் தொட்டால் அன்றைக்கு அது அதிகம். கண்ணை மூடி நிற்பது கடைசிப் படி, மூலையில் மட்டும்.

கைக்கு எவர்சில்வர் டம்ளர் போதும். கால் டம்ளர் தண்ணீர், மேசையில் ஒரு அடி இடைவெளியில் இரண்டு குறி, இடது கையால் ஒன்றிலிருந்து மற்றதற்கு. தொடக்கத்தில் முழங்கை மேசையில் ஊன்றியிருக்கட்டும், பிறகு ஊன்றாமல். நிறைந்த டம்ளர் ஒவ்வொரு முறையும் சிந்தும், காலி டம்ளர் ஒன்றுமே சொல்லாது. சரியான பாடம் நடுவில் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், 'மெதுவா, இடது பக்கம், இன்னும் கொஞ்சம்' என்று அசைவு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்காதீர்கள். முடிந்ததும் 'சரி', சிந்தினால் 'தப்பு', அவ்வளவு போதும்.

மணிக்கணக்கில் ஒரே மூச்சாகச் செய்ய வேண்டாம். 15, 20 நிமிடமாக மூன்று வேளை. களைத்த உடம்பு பிசகை மட்டும் கூட்டும். இரவுத் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கற்றது தூக்கத்தில் நிலைக்கிறது. நடுக்கம் குறைய மணிக்கட்டில் எடை கட்டச் சிலர் சொல்வார்கள். கட்டியிருக்கும்போது குறைந்தது போலத் தெரிந்து, கழற்றியதும் கூடிவிடுவதுண்டு. பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

தோட்டமும் சரிவும்

தோட்டத்துக்குப் போகலாம், ஆனால் படிப்படியாக. சமவெளியில் இருப்பவருக்கு இல்லாத சிரமம் உங்களுக்கு உண்டு. மலையில் ஏறுவதைவிட இறங்குவது சிறுமூளைக்குக் கடினமான வேலை. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை சரியான கணத்தில் பிரேக் போட வேண்டும். அந்தக் கணம் கொஞ்சம் பிந்தினாலும் முழங்கால் மடங்கிவிடும். அதனால் முதல் மாதம் வீட்டு முற்றம், தார் ரோட்டில் சமமான பகுதி. அடுத்து கைப்பிடி இருக்கும் படிகள்: ஏறும்போது வலது கால் முதலில், இறங்கும்போது இடது கால் முதலில். ஒரு படிக்கு இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. உங்கள் பக்கத்துக் கல்படிகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறும். விளிம்பில் வெள்ளை பெயின்ட் ஒரு கோடு அடித்துவிடுங்கள். திரும்பும் இடங்களில்தான் அதிகம் விழுகிறார்கள். நின்று, கண்ணைத் திருப்பி, பிறகு காலைச் சின்னச் சின்ன அடியாகத் திருப்ப வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம். குதிகாலில் வார் உள்ள செருப்போ ஷூவோ போடட்டும்.

செடியருகே வேலையைப் பயிற்சியாகவே மாற்றிவிடலாம். வீட்டை ஒட்டிச் சமமான தரையில் இருக்கும் நாலைந்து செடிகளை அவருக்கென்று ஒதுக்குங்கள். இடது கையால், இரண்டு இலை ஒரு மொட்டு. பக்கத்தில் நின்று அந்தக் கையைக் கவனித்துப் பாருங்கள். கொழுந்தை நெருங்கும் முன்பே விரல்கள் தேவைக்கு மேல் விரியும். நுனியைத் தொடும் தறுவாயில் மணிக்கட்டு இப்படியும் அப்படியும் ஆடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளுவதற்குப் பதில் முற்றிய இலையையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். பத்துக் கொழுந்தில் எத்தனை சுத்தமாக வந்தது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரக் கணக்கில் அந்த எண் ஏறுவதைப் பார்ப்பது உங்களுக்கும் அவருக்கும் எந்த டானிக்கையும்விடத் தெம்பு. கவாத்துக் கத்தி, இலை வெட்டும் கத்தரி, மிஷின் எதுவும் இப்போது கூடாது. முதுகில் இலை மூட்டை கட்டுவதும் கூடாது. எடை பின்னால் இழுத்தால் சரிவில் நிலைகொள்ள முடியாது.

காலைப் பனியிலும் அந்தி நேரத்திலும் தனியாக அனுப்பாதீர்கள். தடம் ஈரமாக இருக்கும் என்பது ஒன்று. வெளிச்சம் குறைந்தால் கண்ணை நம்பி நடப்பவருக்குத் தள்ளாட்டம் கூடும் என்பது இரண்டு. காட்டுமாடும் கரடியும் தேயிலைக்குள் நிற்கும் ஊர் உங்களுடையது. விலகி ஓடும் கால் இப்போது அவருக்கு இல்லை. டூவீலர், ஜீப் ஓட்டுவது அறவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் தலையும் கண்ணும் கையும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும், அதுதான் இப்போது அவருக்குக் குறைந்திருப்பது. மறுபடி ஓட்டலாமா என்பதை நரம்பியல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ஸ்டெம்செல் ஊசி

அடகு வைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றாகச் செய்வதைத் தவிர மற்ற ஸ்டெம்செல் சிகிச்சைகள் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்று சொல்கின்றன. ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக் கணக்கில் கேட்கிறார்கள் என்பதே அது முறையான ஆய்வு அல்ல என்பதற்கு அடையாளம். ஒரு பர்கின்ஜி செல்லுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் ஒழுங்காக அமைய வேண்டும் என்று மேலே சொன்னேன். முதுகில் போடும் ஊசி அந்த ஒழுங்கைக் கட்டித் தரும் என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. தொற்றும் காய்ச்சலும் வரும் அபாயம் உண்டு.

கோபமும் கணக்கும்

அப்பா எரிந்து விழுவதைக் குணம் மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுமூளை அசைவுக்கு மட்டுமல்ல, திட்டமிடுவதற்கும் மனநிலையைச் சீராக வைப்பதற்கும் பெருமூளையின் முன்பகுதியோடு இணைந்து வேலை செய்கிறது. சிறுமூளை பாதித்தவர்களிடம் வரும் இந்த அறிகுறித் தொகுப்பை அமெரிக்க ஆய்வாளர்கள் ஷ்மாமானும் ஷெர்மனும் 1998-ல் விவரித்தார்கள்: வேலைகளை வரிசைப்படுத்தத் தடுமாறுவது, பேச்சில் சொல் தேடுவது, உணர்ச்சி கட்டுக்கடங்காதது. ஃபேக்டரிக் கணக்கில் அவர் தடுமாறுவதற்கு இது காரணமாக இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை கொடுங்கள். இலைக் கணக்கை அன்றன்றே எழுதி நீங்கள் ஒரு முறை சரிபாருங்கள், ஆனால் அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். தூக்கமின்மை, அழுகை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது ஸ்ட்ரோக்குக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது.

மறுபடி வந்தால்

அந்த ஒரு நாள் தாமதத்துக்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். சிறுமூளை அடைப்பு பித்தம் போலவே வேடமிடும். முதலில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில்கூட அது தெரியாமல் போவதுண்டு. ஆனால் இனி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: திடீர்த் தலைசுற்றலோடு நிற்க முடியாமை, உட்கார்ந்தாலே ஒரு பக்கம் சாய்வது, இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, புதிதாகக் கடுமையான பின்தலைவலி, இதில் ஒன்று வந்தாலும் 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. மலையிறங்கிக் கோவை சேரவே அதில் கணிசமான நேரம் போய்விடும் என்பதால் வீட்டில் வைத்துப் பார்க்கும் நேரம் உங்களுக்கு இல்லை. நன்றாக இருந்த நேரம் கடைசியாக எப்போது என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

குளிருக்கு ஒரு பெக் என்று நண்பர்கள் கொடுப்பார்கள். மிச்சமிருக்கும் பர்கின்ஜி செல்களுக்குச் சாராயம் நேரடி விஷம். ஒரு சொட்டும் வேண்டாம். பீடி, சிகரெட்டும் அப்படியே. ரத்த அழுத்தம் குளிர்காலத்தில் ஏறும் என்பதால் டிசம்பர், ஜனவரியில் வாரம் ஒரு முறையாவது அளந்து பாருங்கள்.

கோவைக்கு அடிக்கடி பிசியோதெரபிக்குப் போக முடியாது என்பது புரிகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர வழி இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ அப்பாவின் டிஸ்சார்ஜ் அறிக்கையைக் காட்டிப் பெயரைப் பதியுங்கள். நிலைமை ஓரளவு நிலைத்த பிறகும் தள்ளாட்டம் மீதமிருந்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு கேட்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் உதவித் திட்டங்களுக்குத் தகுதி உண்டு.

அடுத்த முறை கோவை போகும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு வாருங்கள். டென்டேட் நியூக்ளியஸ் தப்பியதா. அடைப்புக்குக் காரணம் என்ன: இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை இருக்கிறதா என்று ஈ.சி.ஜி.யோடு, தேவைப்பட்டால் 24 மணி நேரப் பதிவும் எடுத்தார்களா. சின்னரிசினை எந்த அளவில், எத்தனை நாளில் குறைப்பது. பி12, தைராய்டு பார்த்தாகிவிட்டதா, ஏனென்றால் இவை குறைந்தாலும் நடை தள்ளாடும். கொழுந்து எண்ணிய நோட்டையும், அவர் நடப்பதை முன்னிருந்தும் பின்னிருந்தும் போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பத்திரியின் வழவழப்பான சமதரையில் அவர் நடப்பதைப் பார்க்கும் டாக்டருக்கு உங்கள் வீட்டுப் படியில் இறங்கும் அப்பா தெரியமாட்டார்.